செம்மலைத் தலமும் செம்பரத்தை மலரும்

அருணம் என்றால் சிவப்பு. அசலம் என்றால் மலை. அக்கினித் தலமாகிய திருவண்ணாமலைக்கு அருணாசலம் என்னும் திருநாமம் எத்துணைப் பொருத்தம்! அம்பிகைக்கும் விநாயகப் பெருமானுக்கும் செந்நிற மலர்கள் உகந்தவை என்பது நம் மரபு. அவற்றுள் வீட்டு வாசலிலேயே எளிதாகக் கிடைப்பது செம்பரத்தை.

இதனைச் செம்பருத்தி என்றே இன்று பலரும் அழைக்கிறோம். சித்த மருத்துவ நூல்களில் செம்பருத்தி என்பது செந்நிறப் பூப் பூக்கும் பருத்திச் செடியைக் குறிக்கும். நாம் பூசைக்குப் பறிப்பது செம்பரத்தை. இலங்கைத் தமிழர் செவ்வரத்தை என்பர்.

உடற்சூட்டைத் தணிக்கும் மலர் என்று சித்த மருத்துவம் இதனைப் போற்றுகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து இல்லம் திரும்பியதும் பருகத்தக்க எளிய பானம் ஒன்று உண்டு. ஐந்து ஒற்றையடுக்குச் சிவப்புப் பூக்களின் காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழ்களைக் கழுவி, இரண்டு தம்ளர் கொதிநீரில் இட்டு மூடிவையுங்கள். இதழ்கள் வெளுத்தபின் வடிகட்டி, எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் நீர் பளிச்சென்று சிவக்கும். பனங்கற்கண்டு சேர்த்துப் பருகலாம். நீரிழிவு உள்ளோர் இனிப்பின்றி அருந்துக.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். 'செம்பருத்தித் தேநீர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும்' என்னும் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. 2010இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 65 பேர் பங்கேற்றனர். ஆறு வாரம் நாள்தோறும் மூன்று கோப்பை பருகியோருக்கு அழுத்தத்தின் மேல் அளவு சராசரியாக 7 புள்ளிகள் குறைந்தது. ஆனால் அவர்கள் பருகியது நம் பூசை மலரன்று. ஆந்திரத்தார் கோங்குரா என்னும் புளிச்சைக்கீரை இனச் செடியின் பூவடியிலுள்ள சதைப்பற்றான சிவப்பு இதழ். பெயர் ஒன்றுபோல் இருப்பினும் செடி வேறு. அந்தப் பானமும் மாத்திரைக்கு மாற்றாகாது. மாத்திரையோடு சேர்ந்தால் அழுத்தம் மிகத் தாழவும் கூடும். ஆகவே நாள்தோறும் பருக விரும்பும் பெரியோர் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குக. கருவுற்ற பெண்கள் தவிர்த்தல் நலம்.

சாலையோரப் பூவும், மருந்து தெளித்த கடைப்பூவும் உணவுக்கு ஆகா. வீட்டில் ஒரு செடி வளர்த்தால், காலையில் பறிக்கும் முதற்பூ அம்பிகையின் திருவடிக்கு, எஞ்சியவை அடுக்களைக்கு. கிரிவலம் செல்லும் பௌர்ணமியன்றும் மாத்திரையை மட்டும் மறவாதீர்கள். உண்ணாமுலை அம்மன் உடல்நலம் காத்தருள்வாளாக!