வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய்: மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

எங்கள் மாமி முப்பது வருடம் மாஞ்சோலையில் கொழுந்து பறித்தவர். நாலுமுக்கு லயன் வீட்டில்தான் பிள்ளைகளை வளர்த்தார். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட தோட்டம் அது. குத்தகை முடிய இன்னும் நான்கு வருடம் இருக்க, 2024 ஜூனில் தொழிலாளர்களின் வேலை முடிவுக்கு வந்தது. மாமியும் மலை இறங்கி மேலப்பாளையத்தில் மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

சீனி வியாதி அவருக்குப் பல வருடமாக உண்டு. மேலே இருந்தவரை மாத்திரையோடு ஓடிவிட்டது. கீழே வந்த மூன்றாவது மாதமே அளவு ஏறிவிட்டது. என் மச்சானுக்கு ஒரே கோபம். "மலையில கஷ்டப்பட்டப்ப ஏறாத சுகரு, இங்க உட்கார வச்சு சோறு போடும்போது ஏறுதுன்னா, உம்மா நமக்குத் தெரியாம எதையோ திங்கிறாங்க" என்றார். அன்றிலிருந்து சீனி டப்பா மேல் தட்டுக்குப் போனது. மாமி டீக்குள் கை விட்டால்கூட யாராவது எட்டிப் பார்த்தார்கள்.

உண்மையில் மாமி எதையும் ஒளித்துத் தின்னவில்லை. உடல் உழைக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்து எரிக்கின்றன; இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. கூடையைச் சுமந்து சரிவில் நாளெல்லாம் ஏறி இறங்கியவர், திடீரென இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அதே சோறுதான், அதே மாத்திரைதான், உழைப்பு மட்டும் நின்றுபோனது. அதோடு பிறந்து வளர்ந்த இடத்தை விட்டு வந்த கவலை, தூக்கமின்மை. மனக்கவலையில் சுரக்கும் ஹார்மோன்களும் சர்க்கரையை ஏற்றும். இதை வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. குற்றவாளியைத் தேடுவதுதான் சுலபமாக இருந்தது.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அடுத்த பாடம் ஒரு கல்யாண வீட்டில் கிடைத்தது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு மாத்திரை போட்டிருந்தார். நிக்காஹ் தாமதமாகி, பந்தி போட மூன்று மணி ஆயிற்று. இடையில் மாமி பேரனைப் பார்த்து கத்தினார். எழுந்திரிக்கச் சொன்னால் முறைத்தார். முகமெல்லாம் வேர்வை. "எல்லார் முன்னாலயும் இப்படியா கோபப்படுறது" என்று மகள்களே முகம் சுளித்தார்கள். பக்கத்தில் இருந்த நர்ஸ் ஒருவர்தான் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் ரோஸ்மில்க் கொடுக்கச் சொன்னார். கால் மணி நேரத்தில் மாமி பழைய மாமியாகிவிட்டார். தான் கத்தியது அவருக்கு நினைவே இல்லை.

அது கோபமல்ல, சர்க்கரை இறங்கியதன் அறிகுறி. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் உணவு தள்ளிப்போனால் இது வரலாம். 70-க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, பசி, பேச்சில் குழப்பம், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வரும். மூளைக்கு எரிபொருள் போதாதபோது மனிதர் தன் நிலையைத் தானே சொல்ல முடியாது. அதனால்தான் பக்கத்தில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுங்கள். பிறகு சோறோ இட்லியோ சாப்பிடட்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்; உடனே 108-ஐ அழையுங்கள். மேல் தட்டுக்குப் போன சீனி டப்பா அன்றிரவே கைக்கெட்டும் இடத்துக்கு வந்துவிட்டது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நம் தெருவில் இந்த நோய் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். ஆனாலும் நோயாளியோடு டாக்டர் அறைக்குள் போகிறவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்கிறோம். சீட்டில் எழுதியதை மருந்துக்கடைக்காரர் விளக்குவதோடு நம் அறிவு முடிந்துவிடுகிறது.

அப்படி ஒரு அரைகுறை அறிவினால்தான், மாமிக்கு இன்சுலின் ஆரம்பித்தபோது மச்சான் அதை ஃப்ரீசரில் வைத்தார். உறைந்துபோன இன்சுலின் வீண். பிறகு இளகினாலும் பயன்படாது. பிரிக்காத இன்சுலினை ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியில், 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பயன்பாட்டில் இருப்பதைப் பொதுவாக 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் சுமார் நான்கு வாரம் வரை வைக்கலாம். மருந்தின் பெட்டியில் உள்ள குறிப்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள மாஞ்சோலைக் குளிரில் இது ஒரு பிரச்சினையே இல்லை. திருநெல்வேலி சித்திரை வெயிலில் அலமாரிக்குள் வைத்தாலும் கெட்டுவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, உள்ளே சிறு பானையில் வைக்கும் பழைய வழி உதவும்.

கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நரம்பு பாதிக்கப்பட்டால் பாதத்தில் உணர்ச்சி குறையும். ஆணி குத்தினாலும் தெரியாது. "வலிக்கலியே" என்று அவர் சொல்வதை நம்பி விட்டுவிடக் கூடாது. இரவில் ஒரு தடவை பாதத்தின் அடிப்பக்கத்தை யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். வயதானவரால் குனிந்து பார்க்க முடியாது. எங்கள் வீட்டில் அந்த வேலையைப் பேரன் எடுத்துக்கொண்டான்.

ரமளானில் மாமி அழுதார். மருத்துவர் இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "எங்க உம்மா எழுபது வயசிலயும் முப்பது நோன்பும் பிடிக்கிறாங்களே" என்றாராம். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை பகரா அத்தியாயத்தின் 184, 185-ஆம் வசனங்களில் தெளிவாக இருக்கிறது. அதை நாம் பறிக்க வேண்டியதில்லை. நோன்பு வைக்க முடிகிறவர்கள் ரமளானுக்கு ஆறு, எட்டு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து மருந்தின் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விரலில் குத்தி இரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. 70-க்குக் கீழோ 300-க்கு மேலோ போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்கிறது மருத்துவ வழிகாட்டுதல். மாமியிடம் இதைச் சொன்னது நாங்களல்ல, பள்ளிவாசல் இமாம். அதன் பிறகுதான் அவர் ஸஹர் நேரத்துக்கு எழுந்து எங்களுக்குச் சமைத்துத் தந்துவிட்டு, காலையில் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இன்னொன்று. மலையிலிருந்து இறங்கியவர்கள் முகவரி மாறியதால் 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் விடுபட்டுப்போகக் கூடாது. பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் திட்டம் அது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

போன வாரம் மாமியின் மூன்று மாத சராசரி குறைந்திருந்தது, அல்ஹம்துலில்லாஹ். சாயங்காலம் மச்சான் அவரைத் தெருமுனை வரை நடக்கக் கூட்டிப்போகிறார். மேட்டில் ஏறியே பழகிய கால்களுக்கு இந்தச் சமதரை அலுப்பாக இருக்கிறதாம்.