நடவு முதுகுக்குச் சீன ஊசி

பட்டுக்கோட்டை வட்டாரத்தில் சம்பா நடவு முடியும் சமயத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்காத பெண்களைப் பார்ப்பது அரிது. இடது கையில் நாற்று முடி, வலது கை சேற்றுக்குள். பின்னோக்கி எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் சேறு கணுக்காலைக் கவ்வி இழுக்கும். தென்னை ஏறுபவர்களுக்கு முட்டியும் தோள்பட்டையும் போகின்றன. வலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குபவர்கள் ஏராளம். அது இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். அந்த மாத்திரையைக் குறைக்கச் சீன ஊசி சிகிச்சையான அக்குபங்சர் உதவுமா என்று கேட்பது நியாயம்தான்.

ஊசி உள்ளே என்ன செய்கிறது?

ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஊசி அது. அதற்குள் மருந்து எதுவும் கிடையாது. குத்தியபின் இருபது நிமிடம், அரை மணி நேரம் அப்படியே விட்டுவைப்பார்கள். எறும்புக்கடி போல ஒரு சுருக்கு. பிறகு அந்த இடம் கனத்து மரத்துப்போகும்.

உடலில் ஓடும் ‘சி’ என்ற உயிராற்றலின் தடையை ஊசி நீக்குகிறது என்பது சீன மரபின் விளக்கம். அது ஓடுவதாகச் சொல்லப்படும் தடங்களை உடற்கூறியல் கண்டதில்லை. ஆனால் ஊசி நரம்பைத் தூண்டும்போது உடல் தானே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்பின் வெளிப்படுகிறது. 1970களில் டொராண்டோவில் புரூஸ் பொமரன்ஸ் குழுவினர் எண்டார்பினைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்துப் பார்த்தபோது ஊசியின் பலனும் மங்கியது. ஊசியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் முறையைப் பெய்ஜிங்கில் ஹான் ஜிஷெங் ஆராய்ந்து, நொடிக்கு 2 துடிப்பு ஒருவகை நிவாரணியையும் 100 துடிப்பு வேறொன்றையும் வெளிப்படுத்துவதைக் காட்டினார்.

மாசிப்பத்திரி இனத்து இலையைக் கொளுத்திச் சூடு காட்டும் மாக்ஸா, கிண்ணம் வைத்துத் தோலை உறிஞ்சும் கப்பிங் ஆகியவற்றாலும் இறுகிய தசை தளரும். அவற்றுக்கான சான்று ஊசிக்கு இருப்பதைவிடக் குறைவு.

எவ்வளவு நம்பலாம்?

ஏறக்குறைய 21,000 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 2018இல் வெளிவந்த ஆய்வு, நாள்பட்ட முதுகு, கழுத்து, முட்டி, தலைவலிக்கு ஊசி பலன் தருவதாகவும் அது பெரும்பாலும் ஓராண்டு நிற்பதாகவும் சொன்னது. ஆனால் போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறிது. படுத்திருக்கும் ஓய்வும், கைவைத்துப் பார்ப்பவர் மீதான நம்பிக்கையும் நிவாரணத்தில் பங்கு வகிக்கின்றன. அதனால் அந்த நிவாரணம் பொய்யாகிவிடாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் இடுப்பு வலிக்கு இதைப் பரிந்துரைத்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2016இல் அதே வலிக்கு வேண்டாம் என்றது. வல்லுநர்களே இரண்டுபட்டிருக்கும்போது ‘நூறு சதவீதம் குணம்’ என்ற விளம்பரத்தை எப்படி ஏற்பது?

மாத்திரையை நிறுத்தச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். நாடி பிடித்து, ஒரு புள்ளியைத் தொட்டுவிட்டு, சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை எல்லாவற்றையும் தூக்கிப்போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் மாத்திரை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தால், வலி போன சந்தோஷத்தில் சர்க்கரை ஏறுவது தெரியாது. இன்சுலின் வேலையை எந்தப் புள்ளியும் செய்யாது.

எல்லா வலியும் ஊசிக்கு உரியதல்ல. இடது தோளில் திடீரென வலித்து வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலும், சிறுநீர் அடைபட்டாலும், தொடையிடுக்கு மரத்துப்போனாலும் ஒருநாள்கூடத் தள்ளிப்போடாமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோ உடல் மெலிவோ கூட வந்தாலும் முதலில் டாக்டர்தான்.

போகும் முன்

இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பில் அக்குபங்சர் ஒரு பாடம். முறையாகப் படித்துப் பதிவு செய்தவரைத் தேடுங்கள். ஊசிப் பாக்கெட்டை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். ஒருவருக்குக் குத்தியதை இன்னொருவருக்குக் குத்தினால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம். மார்பிலும் மேல்முதுகிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகிவிடலாம். கர்ப்பிணிகளும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் முன்பே சொல்லிவிட வேண்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மின்சார ஊசி கூடாது. ஐந்தாறு முறை போயும் வலி அசையவில்லை என்றால் பணத்தை வீணாக்க வேண்டாம். மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் பையில் எடுத்துப் போங்கள். அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்காமலே ஊசியை எடுப்பவரிடம் முதுகைக் காட்டாதீர்கள்.