தெர்மிஸ்ரரும் பழைய காரின் வெப்பநிலை உணரியும்

கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஊடாக ஹட்டனுக்கு ஏறும் காரின் எஞ்சின் விரைவில் சூடேறும். அச்சூட்டைச் சாரதிக்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் அறிவிப்பவை வெப்பநிலை உணரிகளாகும். அவை பிழையான தகவலைத் தந்தால், சிலிண்டர் ஹெட் வளையும் வரை ஆபத்துத் தெரியாது.

தத்துவம்

உணரியின் உள்ளே இருப்பது தெர்மிஸ்ரர் எனும் குறைகடத்தியாகும். உலோகக் கம்பியின் தடை வெப்பநிலையுடன் கூடும்; இதன் தடையோ குறையும். பல ஜப்பானியக் கார்களில் 20 பாகை செல்சியசில் 2000–3000 ஓம் ஆகவுள்ள தடை, 80 பாகையில் 200–400 ஓம் ஆகும்.

மாற்று உணரியைத் தெரிவு செய்தல்

1. வடிவமும் புரியும் பொருந்தினால் மட்டும் போதாது; தடைப் பெறுமானங்களும் பொருந்த வேண்டும்.
2. பெரும்பாலும் ஒரு முனை உடையது டாஷ்போட் மானிக்கும், இரு முனை உடையது கட்டுப்பாட்டுக் கருவிக்கும் உரியது. ஒன்றுக்குப் பதிலாக மற்றையதைப் பொருத்தலாகாது.
3. எஞ்சின் வகையையும் பழைய உணரியின் பாக இலக்கத்தையும் கடையில் காட்டுக.
4. வாங்கியதும் அதன் நுனியைச் சுடுநீரில் அமிழ்த்தி, மல்ரிமீற்றரால் தடையை அளக்க. நீரின் வெப்பநிலையை வெப்பமானியால் அறிக. பொகவந்தலாவை போன்ற உயரமான இடங்களில் நீர் ஏறத்தாழ 95–96 பாகையிலேயே கொதிக்கும். 100 எனக் கொள்வது தவறு.

மாதிரி வினா

மேற்கூறிய காருக்கு வாங்கிய உணரி 80 பாகையில் 1200 ஓம் காட்டுகிறது. இது பொருத்தமானதா?

விடை: இல்லை. 1200 ஓம் ஏறத்தாழ 40 பாகைக்குரிய தடையாகும். எனவே கட்டுப்பாட்டுக் கருவி எஞ்சின் குளிராக உள்ளதெனக் கருதி, தேவைக்கு அதிகமாகப் பெற்றோலைச் செலுத்தும். விசிறியையும் அதுவே இயக்குமாயின், விசிறி பிந்திச் சுழல, எஞ்சின் கொதிக்கும்.