குறைப்பிரசவத்தை ரத்தம் சொல்லுமா?

37 வாரம் நிறையுமுன் பிறந்துவிடும் குழந்தைகள் 2020-ல் உலகெங்கும் 1 கோடியே 34 லட்சம். ஏறத்தாழ பத்துக்கு ஒன்று. யாருக்குக் குறைப்பிரசவம் நேரும் என்று ஊகிக்க மருத்துவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது முந்தைய பிரசவங்களின் விவரத்தையும், ஸ்கேனில் தெரியும் கருப்பைவாயின் நீளத்தையும்தான். தலைப்பிரசவத்துக்கு வரும் பெண்ணிடம் முந்தைய விவரம் ஏது? அதனால்தான் ரத்தத்தில் தடயம் தேடுகிறார்கள். தாயின் ரத்தத்தில் மிதக்கும் ஏழு மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை அளந்தால் இரண்டு மாதம் முன்பே எச்சரிக்கலாம் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-ல் நம்பிக்கை தந்தார்கள். ஆனால் அவர்கள் பரிசோதித்தது ஏற்கெனவே ஆபத்து அதிகமுள்ள 38 பெண்களை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. நூற்றுக்கு 75 சரியாகச் சொல்லும் ஒரு பரிசோதனையை 1,000 பேருக்குச் செய்வதாக வைத்துக்கொள்வோம். குறைப்பிரசவமாகப்போகும் 100 பேரில் 75 பேரை அது கண்டுபிடிக்கும். எந்தச் சிக்கலும் இல்லாத 900 பேரில் 225 பேரையும் வீணாகக் கலங்கடிக்கும்.

அப்படியானால் இந்தத் தேடலே வீண் என்பதா? இல்லை. குறைப்பிரசவம் ஒற்றை நோயன்று. தொற்று, இரட்டைக் கரு, ரத்தக்கொதிப்பு என்று பல காரணங்கள் வந்து சேரும் முடிவு. காரணத்தையே காட்டும் தடயமும் அதற்கேற்ற மருந்தும் சேர்ந்தால் பலன் உண்டு. லண்டன் மருத்துவர் கிப்ரோஸ் நிக்கோலைடிஸ் தலைமையில் 2017-ல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. நஞ்சுக்கொடியோடு தொடர்புள்ள இரண்டு புரதங்கள், ரத்த அழுத்தம், கருப்பைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் ஆகியவற்றை மூன்றாம் மாதத்திலேயே அளந்து, ஆபத்துள்ளவர்களுக்குத் தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுவிடும் பிரீ எக்ளாம்ப்சியா என்ற கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. மாறாக, முன்பு குறைப்பிரசவமானவர்களுக்கு அமெரிக்காவில் 2011 முதல் வாராவாரம் போடப்பட்ட மக்கேனா என்ற ஹார்மோன் ஊசி, பெரிய ஆய்வில் பலன் காட்டாததால் 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆபத்துள்ளவர் யாரென்று தெரிந்திருந்தும் கையில் மருந்து இல்லாமல் போனது.

மருந்தே இல்லாவிட்டாலும், பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாமே என்பார்கள். நியாயம்தான், வசதி தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் குழந்தையின் நுரையீரலை வலுப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி, பிரசவத்துக்கு முந்தைய ஒரு வாரத்துக்குள் போட்டால்தான் நன்றாகப் பலிக்கும். தொடக்க மாதங்களில் எடுக்கும் ரத்தம் அந்த வாரத்தைக் குறித்துக் கொடுக்காது. ஆகவே, பணம் கட்டிப் பரிசோதிக்குமுன் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது: “ஆபத்து என்று முடிவு வந்தால், அடுத்து எனக்கு என்ன செய்வீர்கள்?”