உரோமையில் மூன்று நாள்: தனியாகப் புறப்படும் முன்



வெளிநாட்டில் வேலை செய்யும் மகனையோ மகளையோ பார்க்கச் சென்று, இரண்டு மாதம் தங்கி வரும் பெற்றோர் நம் பங்குகளில் இன்று பலர். பிள்ளைகளுக்கு விடுப்புக் கிடைப்பதில்லை. "இவ்வளவு தூரம் வந்துவிட்டு உரோமையைப் பார்க்காமல் திரும்புவதா? நான் மட்டும் போய்வரலாமா, ஃபாதர்?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் எதற்காகப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனெனில் மூன்று நாளில் உரோமையைப் பார்த்து முடித்தவர் எவரும் இல்லை!

முதலில் விசா. ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி மூன்றும் ஷெங்கன் நாடுகள். ஜெர்மனி செல்ல வாங்கிய ஷெங்கன் விசாவிலேயே, அதன் நாட்கள் முடியாதவரை, இத்தாலிக்கும் போகலாம். அயர்லாந்திலோ இங்கிலாந்திலோ பிள்ளைகள் இருந்தால் அந்த நாட்டு விசா இத்தாலிக்குச் செல்லாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தங்குமிடம், திரும்பும் பயணச்சீட்டு, குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். விமானச்சீட்டை வாங்கிவிட்டு இதை யோசிப்பவர்கள் இருக்கிறார்கள்.

குழுவாகப் போகிறவர்களைப் பேருந்து ஓர் ஆலயத்தில் இறக்கிவிட்டு, நாற்பது நிமிடத்தில் ஏற்றிக்கொள்கிறது. முழந்தாளிடத் தொடங்கும்போது வழிகாட்டி கொடியை உயர்த்துகிறார். தனியாகப் போகிறவருக்கு அந்த அவசரம் இல்லை. ஒரு கல்லறைக்கு முன் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தாலும் கேட்பார் இல்லை. இந்த ஒரு நன்மைக்காகவே தனிப்பயணம் தகும். ஆகவே திட்டமிடும்போதே பட்டியலைக் குறைத்துவிடுங்கள். புனித பிலிப்பு நேரி 16-ஆம் நூற்றாண்டில் மக்களை அழைத்துச் சென்ற ஏழு ஆலய நடைப்பயணம் 20 கிலோமீட்டருக்கும் மேல். முழங்கால் வலி உள்ளவர்கள் அதை மனத்தால் செய்தால் போதும். திருத்தூதர்கள் பேதுரு, பவுல் ஆகியோரின் கல்லறைகளைத் தேடித்தான் தொடக்ககாலம் முதல் கிறிஸ்தவர்கள் அந்நகருக்கு வந்தார்கள். அந்த இரண்டையும் நடுவில் வைத்து மற்றவற்றைச் சுற்றிலும் அமைத்துக்கொள்ளலாம்.

கிழமை முக்கியம். செவ்வாய் நண்பகலில் போய்ச் சேர்ந்து வியாழன் இரவு திரும்புவது வசதி, ஏனெனில் திருத்தந்தையின் பொது மறைக்கல்வி உரை புதன்கிழமைகளில்தான். நுழைவுச்சீட்டுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள். ஜூலையில் வழக்கமாக இந்தச் சந்திப்புகள் இரா. வார இறுதியில் மட்டுமே போக முடிகிறவர்களுக்கு ஞாயிறு பகல் 12 மணி மூவேளை செபம் உண்டு.

ஃபியுமிச்சினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினி நிலையத்திற்கு நேரடி இரயில் அரைமணி நேரம். தனியாகச் செல்பவர் டெர்மினிக்கு அருகிலோ, வத்திக்கானுக்கு அருகிலோ அருள்சகோதரிகள் நடத்தும் விருந்தினர் இல்லங்களில் தங்குவது நல்லது. சில இல்லங்களில் இரவு குறிப்பிட்ட நேரத்தில் கதவைப் பூட்டிவிடுவார்கள். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளுக்கோ அது நிம்மதி.

டெர்மினியிலிருந்து சில நிமிட நடையில் புனித மரியா பெருங்கோவில். புனித இஞ்ஞாசியார் 1538 கிறிஸ்து பிறப்பு விழாவில் தம் முதல் திருப்பலியை நிறைவேற்றிய இடம் அது. 2025 ஏப்ரல் 26 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான். கல்லறையில் அவருடைய பெயர் மட்டுமே இலத்தீனில் உள்ளது. அங்கிருந்து ஒரே நேர்ச்சாலையில் இருபது நிமிடம் நடந்தால் உரோமை ஆயரின் பேராலயமான இலாத்தரன். எதிரே, முழந்தாளிலேயே ஏறும் 28 படிகள் கொண்ட புனிதப் படிக்கட்டு. முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

புதன் காலை சந்திப்பு நடக்கும்போது புனித பேதுரு பேராலயம் மூடியிருக்கும். பிற்பகலில் கூட்டம் அதிகம். எனவே அந்தப் பிற்பகலில் மெட்ரோவில் ஏறி, நகர மதிலுக்கு வெளியே உள்ள புனித பவுல் பேராலயத்திற்குப் போய்விடுங்கள். சுற்றுலாக் கூட்டம் அங்குக் குறைவு. 1823-இல் தீக்கிரையாகி மீண்டும் கட்டப்பட்ட ஆலயம் அது. பீடத்தின் அடியில் உள்ள கற்பேழையிலிருந்து எடுத்த எலும்புத் துணுக்குகள் முதல் அல்லது இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனச் சோதனையில் தெரியவந்ததாகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2009-இல் அறிவித்தார். கைதியாக உரோமை நோக்கி வந்த பவுலை, சகோதரர்கள் வழியிலேயே எதிர்கொண்டதையும், அவர்களைக் கண்டு அவர் துணிவு பெற்றதையும் திருத்தூதர் பணிகள் 28-ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கு அமர்ந்து அதை வாசிக்கலாம். அந்நிய ஊரில் தனியாக இறங்கியவருக்கு அந்தப் பகுதி வேறு விதமாக ஒலிக்கும்.

வியாழன் காலை ஏழு மணிக்குப் புனித பேதுரு பேராலயம். அந்நேரத்தில் சோதனை வரிசை சிறியது. பக்கப் பீடங்களில் திருப்பலிகள் நடந்துகொண்டிருக்கும். பல மொழிகளில் ஒப்புரவு அருளடையாளம் பெறலாம், ஆங்கிலம் தெரிந்தால் போதும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். நம் சேலைக்குச் சிக்கல் இல்லை. கோபுரத்தின் உச்சிக்கு 551 படிகள், மின்தூக்கியில் போனாலும் 320 மீதி. பேதுருவின் கல்லறையை ஒட்டிய அகழாய்வுப் பகுதியைக் காண மிகச் சிலரையே அனுமதிப்பதால் மாதங்களுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகமும் சிஸ்டைன் சிற்றாலயமும் அரைநாளை விழுங்கிவிடும். மூன்று நாள் மட்டுமே கையில் உள்ளவர் அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கலை ஆர்வம் மிக்கவர்கள் கோபிக்க வேண்டாம்!

தெருக்குழாய்களில் எந்நேரமும் ஓடும் தண்ணீர் குடிக்கத் தக்கது. ஒரு பாட்டில் போதும். டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்தில் பணப்பை பத்திரம். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்று தனியே இருக்கட்டும். அவசர அழைப்பு எண் 112. தினமும் இரவு பிள்ளைகளிடம் பேசும் நேரத்தைப் புறப்படுமுன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசி மாலைக்கு நான் பரிந்துரைப்பது இயேசு சபையாரின் 'ஜெசு' ஆலயம். பீடத்தின் இடப்புறம் புனித இஞ்ஞாசியாரின் கல்லறை. அதற்கு நேர் எதிரே, வலப்புறப் பீடத்தில், புனித சவேரியாரின் வலது முன்கை பேழையில் இருக்கிறது. 1540-இல் உரோமையை விட்டுப் புறப்பட்டவர் உயிரோடு அங்குத் திரும்பவேயில்லை. 1614-இல் கோவாவிலிருந்து அந்தக் கை மட்டும் அனுப்பப்பட்டது. முத்துக்குளித்துறையில் நம் முன்னோருக்குத் திருமுழுக்குக் கொடுத்து ஓய்ந்துபோனதாக அவரே எழுதிய கைகளில் ஒன்று அது. நண்பகலில் ஆலயத்தை மூடிவிட்டு மாலையில்தான் திறப்பார்கள், அதற்கேற்பப் போங்கள். ஊரில் செபிக்கச் சொன்னவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றிருந்தால், அதை நிதானமாக வாசிக்க அங்கே நேரம் இருக்கும்.