கூரையிலே ஏறியவர்கள் தேடலிலே தென்படுவது எப்போது?

பூக்கடைக்கு விளம்பரம் தேவையில்லை என்பது எம்மவர் வழக்கு. மல்லிகையின் மணம் தெருமுனை வரை சென்று வாங்குவோரை அழைத்து வந்துவிடும். ஆனால் எல்லாத் தொழில்களும் பூக்கடைகள் அல்ல. கூரைத் தொழில் அதற்கு நேர் எதிரானது. செவ்வனே அமைக்கப்பட்ட கூரையை வீட்டுக்காரர் ஆண்டுக்கணக்கில் அண்ணாந்தும் பார்ப்பதில்லை. ஒழுகும் கூரையைப் பற்றியே ஊர் பேசும். ஒழுகாத கூரையும் அதனை அமைத்தவரும் ஒருங்கே மறக்கப்படுகின்றனர்.

ஊரிலே கிடுகு வேய்பவரையும் ஓடு மாற்றுபவரையும் எவரும் தேடி அலைந்ததில்லை. மாரி தொடங்குமுன் எந்த வீட்டுக்கு எவர் வருவார் என்பதை அயலவர் அனைவரும் அறிந்திருந்தனர். புலம்பெயர்ந்து வந்த நகரிலே அந்த அயல் இல்லை. ரொறன்ரோப் பெரும்பாகத்திலே பக்கத்து வீட்டுக்காரரின் பெயரே தெரியாத ஒருவர், தமது கூரைக்கு ஆள் வேண்டுமென்றால் கைப்பேசியை எடுத்துக் கூகுளிடம் கேட்கிறார். அந்தக் கேள்விக்கு வரும் விடையிலே எம்மவரின் பெயர் இடம்பெறுகிறதா என்பதே இன்று நாம் ஆராய வேண்டியது.

பெயரற்ற உழைப்பு

இத்தொழிலின் அமைப்பை முதலில் நோக்குவோம். பெரிய நிறுவனமொன்று வேலையைப் பிடிக்கிறது. அதனை உப ஒப்பந்தகாரர் ஒருவரிடம் 'ஸ்குயார்' கணக்கிலே, அதாவது 100 சதுர அடிக்கு இவ்வளவு என்று, கையளிக்கிறது. வெயிலிலே ஷிங்கிள் சுமந்து ஏணியேறுபவர் அந்த உப ஒப்பந்தகாரரும் அவரது ஆட்களுமே. முற்றத்தில் நடப்பட்ட பலகையிலே நிறுவனத்தின் பெயர். வீட்டுக்காரரின் மனதிலும் நிறுவனத்தின் பெயர். பத்துக் கோடைகள் உழைத்த பின்னரும் அத்தொழிலாளியைப் பெயர்சொல்லி அழைக்கும் வாடிக்கையாளர் ஒருவரேனும் இல்லாதிருக்கலாம். நிறுவனம் வேலை தராத வாரத்திலே அவருக்கு வருவாயும் இல்லை.

கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவனைப் பற்றி எம்மிடம் ஒரு பழமொழி உண்டு. எம்மவரின் நிலை இதற்கு மறுதலை. கூரையேறும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. வித்தை இருக்கும் செய்தி மட்டும் வெளியே செல்லவில்லை.

மஞ்சள் ஏட்டின் காலம்

மஞ்சள் நிறத் தொலைபேசி ஏட்டைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அதிலே பெயர்கள் அகர வரிசையில் அச்சிடப்பட்டன. எனவே முதலிடம் பிடிக்க விரும்பியோர் 'ஏ ஏ ஏ' என்று தொடங்கும் பெயர்களைத் தமது நிறுவனங்களுக்குச் சூட்டினர். வேலையின் தரத்துக்கும் அந்த வரிசைக்கும் எவ்விதத் தொடர்பும் இருக்கவில்லை.

1998 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கூகுள், 2005 இல் வரைபடச் சேவையையும் தொடங்கியது. அதன்பின் உள்ளூர்த் தொழில்களைத் தேடும் முறை அடியோடு மாறியது. உள்ளூர்த் தேடலிலே எவரை முன்வைப்பது என்பதற்குத் தான் மூன்று அளவுகோல்களைக் கையாள்வதாக அந்நிறுவனம் வெளிப்படையாகவே கூறியுள்ளது. அவை பொருத்தம், தூரம், பெயர்பெற்றிருத்தல் என்பன. கேட்கப்பட்ட வேலையை இவர் செய்கிறாரா? கேட்பவருக்கு இவர் அண்மையில் இருக்கிறாரா? இவரைப் பற்றி மற்றவர்கள் எவ்வளவு பேசியிருக்கிறார்கள்? சிந்தித்துப் பார்த்தால், ஊரிலே ஓட்டு வேலைக்கு ஆள் பிடிக்கும்போது எமது பெற்றோர் கேட்ட கேள்விகளும் இவையே.

தூரத்தை எம்மால் மாற்ற இயலாது. ஏனைய இரண்டும் எமது கையில் உள்ளன.

காசில்லாத பலகை

கூகுள் வரைபடத்திலே தொழிலைப் பதிவுசெய்வதற்குக் கட்டணம் இல்லை. 'கூகுள் பிஸ்னஸ் புரொஃபைல்' என்று 2021 இலிருந்து அழைக்கப்படும் இப்பதிவே முதலாவது படி. வான் வண்டியிலும் பற்றுச்சீட்டிலும் உள்ள பெயரையே அதிலும் இடுதல் வேண்டும். பெயரோடு 'ஸ்காபரோ, மலிவு, சிறந்த' என்ற சொற்களை ஒட்டுவது விதிமீறலாகும், பதிவே முடக்கப்படலாம். முதன்மை வகையாகக் கூரை ஒப்பந்தகாரர் என்பதைத் தெரிவுசெய்தல் வேண்டும். பொதுவான கட்டிட வேலை என்று குறித்துவிட்டால் கூரை தேடுபவருக்கு நீங்கள் பொருந்தாதவராகி விடுவீர்கள்.

நிலக்கீழ் அறையிலிருந்து தொழில் நடத்துவோர் வீட்டு முகவரியை வெளியிட அஞ்சுவதுண்டு. அந்த அச்சம் தேவையற்றது. வாடிக்கையாளர் இருக்குமிடத்துக்குச் சென்று பணிபுரிவோர் முகவரியை மறைத்து, தாம் செல்லும் நகரங்களை மட்டும் குறிப்பிட விதிகள் இடமளிக்கின்றன. தொலைபேசி இலக்கமும் பெயரும் எல்லா இடங்களிலும் ஒரேவிதமாக இருத்தல் நன்று. ஓரிடத்தில் பழைய இலக்கமும் இன்னோரிடத்தில் புதிய இலக்கமும் காணப்பட்டால், அழைக்க வந்த மனிதரும் குழம்புவார்.

கேட்பது இரத்தல் அன்று

மூன்றாவது அளவுகோலுக்கு வருவோம். 'ரிவியூ' எனப்படும் வாடிக்கையாளர் கருத்துரைகளே பெயர்பெறுதலின் பெரும்பகுதி. எம்மவர் இங்கேதான் தயங்குகின்றனர். வேலை முடிந்து காசு பெற்றபின் 'நாலு நல்ல வார்த்தை எழுதுங்கள்' என்று கேட்பதை இரத்தலாகக் கருதும் கூச்சம் எமது வளர்ப்பிலே ஊறியது. ஆனால் உழைத்துக் கொடுத்த வேலைக்குச் சாட்சி கேட்பது பிச்சை அன்று.

கேட்பதற்கும் ஒரு நேரம் உண்டு. பழைய ஷிங்கிள்கள் அகற்றப்பட்டு, புல்தரையிலே காந்த உருளையால் ஆணிகள் பொறுக்கப்பட்டு, வீட்டுக்காரர் வாசலில் நின்று மகிழ்ச்சியோடு பார்க்கும் அந்த மாலைப்பொழுதே உரிய நேரம். அப்போதே இணைப்பைக் கைப்பேசிக்கு அனுப்பிவிட வேண்டும். ஒரு மாதம் கழிந்தால் அவர் கூரையை மறந்துவிடுவார். எந்த ஊர், என்ன பழுது, எப்படித் தீர்ந்தது என்று வாடிக்கையாளரே தமது சொற்களில் எழுதிய கருத்து, வெறும் ஐந்து நட்சத்திரங்களைவிடப் பயன் மிக்கது. அடுத்து அதே பழுதோடு தேடிவரும் ஒருவர் அதிலே தமது வீட்டைக் காண்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மைத்துனரையும் நண்பரையும் கொண்டு எழுதுவித்தலும், கருத்துரைக்குப் பதிலாக விலைக்கழிவு தருதலும் கூகுளின் விதிகளுக்கு முரணானவை. பொய்க் கருத்துரை கனடாவின் போட்டிச் சட்டத்தின் கீழும் சிக்கலை வருவிக்கும். பெல் கனடா நிறுவனத்தின் ஊழியர் சிலர், தாம் யாரென்று கூறாது நிறுவனத்தின் செயலிகளைப் புகழ்ந்து எழுதியமைக்காக, அந்நிறுவனம் 2015 ஆம் ஆண்டு 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. பெரிய நிறுவனம் அதனைத் தாங்கிக்கொண்டது. சிறு தொழிலாளி தாங்கமாட்டார்.

குறைகூறி ஒருவர் எழுதினாலும் பதில் எழுதுதல் வேண்டும். என்ன நடந்தது, அதற்கு என்ன செய்தோம் என்பதைச் சினமின்றி நான்கு வரிகளில் எழுதுதல் போதும். அப்பதிலைப் படிக்கப்போவோர் இனி வரவிருக்கும் நூறு பேர் என்பதை நினைவில் இருத்துக.

அறிவே சரக்கு

அடுத்தது சொந்த இணையத்தளம். 'எமது சேவை தரமானது, நம்பிக்கையானது' என்று நிரப்பப்பட்ட பக்கங்களால் எவருக்கும் பயனில்லை. தேடுபவர் ஒரு கேள்வியோடு வருகிறார். அக்கேள்விக்கு விடை சொல்பவரையே அவர் நம்புவார்.

ஓர் எடுத்துக்காட்டு. மாசி மாதத்திலே கூரை விளிம்பிற் பனிக்கட்டி திரண்டு, வீட்டின் உட்சுவரிலே நீர்க்கறை தோன்றுகிறது. வீட்டுக்காரர் ஷிங்கிள் பழுதென்று எண்ணுகிறார். உண்மையில் வீட்டின் வெப்பம் கூரையடிக்குக் கசிந்து, மேலுள்ள பனியை உருக்குகிறது. உருகிய நீர் குளிர்ந்த விளிம்பை அடைந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல் நிற்கிறது. பின்னால் தேங்கும் நீர் ஷிங்கிளின் அடியாற் புகுந்து உள்ளே இறங்குகிறது. இதற்காகவே ஒன்ராறியோ கட்டிட விதிகள், விளிம்பிலிருந்து கூரைச் சரிவிலே 900 மில்லிமீற்றருக்குக் குறையாமலும், வெளிச்சுவரின் உட்பக்கத்தைக் கடந்து 300 மில்லிமீற்றர் வரையிலும் பாதுகாப்புப் படலம் இடச் சொல்கின்றன. கூரையடிக் காற்றோட்டத் துளைகளின் பரப்பு, வெப்பக்காப்பிட்ட உட்கூரைப் பரப்பில் 300 இல் ஒரு பங்காவது இருத்தல் வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

இதனைப் பத்து வருடம் கூரையேறிய எம்மவர் எவரும் நித்திரையிலும் சொல்வார். ஆனால் எழுதிவைத்தவர் எத்தனை பேர்? இவ்விளக்கத்தைத் தமது சொற்களிலே, தாம் எடுத்த இரண்டு படங்களுடன் ஒரு பக்கமாக எழுதிவைத்தால், பனிக்காலத்திலே அக்கேள்வியைக் கேட்போர் அவரிடம் வந்துசேர வழி பிறக்கும். தட்டைக் கூரைக்கு ஒரு பக்கம், பீலி வேலைக்கு ஒரு பக்கம், கூரைச் சாளர ஒழுக்குக்கு ஒரு பக்கம் என்று, வேலை மந்தமான மாதங்களில் எழுதி முடிக்கலாம். ஆங்கிலம் தடையென்றால் இங்கு படித்த பிள்ளைகள் துணைபுரிவார்கள். மூத்தோருக்காகத் தமிழிலும் ஒரு பக்கம் இருக்கட்டும்.

2022 மே 21 ஆந் திகதி தென் ஒன்ராறியோவைத் தாக்கிய பெரும் புயற்காற்றுப் போன்ற அனர்த்தங்களின் பின்னர், வீட்டுக்காரர்கள் ஒரே நாளிலே கூரையாளரைத் தேடுவார்கள். புயலுக்கு மறுநாள் இணையத்தளம் தொடங்குவது, தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுவதற்கு ஒப்பாகும்.

நம்பிக்கைக்குச் சான்று

கூரை வேலைக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவாகும். முன்பின் அறியாத ஒருவரை அழைப்பவருக்கு அச்சம் இயல்பே. அதனைப் போக்கும் சான்றுகளை இணையத்தளத்திலேயே காட்டலாம். தொழிலிடக் காப்புறுதிச் சபையின் அனுமதிச் சான்று அவற்றுள் ஒன்று. பொறுப்புக் காப்புறுதி மற்றொன்று. உயரத்தில் பணிபுரிவோருக்கென ஒன்ராறியோவில் 2015 இல் நடைமுறைக்கு வந்த கட்டாயப் பயிற்சியின் சான்றிதழும் முக்கியமானது. அதன் செல்லுபடிக் காலம் 3 ஆண்டுகள். இவை வெறும் காகிதங்கள் அல்ல. வழுக்கி விழும் தொழிலாளியின் குடும்பம் தெருவுக்கு வராமற் காப்பதும் இவற்றின் பணியே.

வீட்டிலே வைத்துக் கைச்சாத்திடப்படும் உடன்படிக்கையைப் பத்து நாட்களுக்குள் காரணம் கூறாமலே நீக்கிக்கொள்ளும் உரிமையை, ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளருக்கு வழங்கியது. உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்ட மதிப்பீட்டுக்கு மேல் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு அதிகமாக அறவிடலாகாது என்றும் அது விதித்தது. இவ்வுரிமைகளைத் தாமாகவே எடுத்துக்கூறும் ஒப்பந்தகாரரை மக்கள் மறப்பதில்லை.

சாவி எவர் கையில்?

இறுதியாக, இடைத்தரகர் பற்றி. 'உங்களைக் கூகுளின் முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம்' என்று உறுதியளித்து அழைப்போர் ஏராளம். முதலிடத்தை எவராலும் உத்தரவாதப்படுத்த முடியாதென்று கூகுளே அறிவித்துள்ளது. விளம்பரங்களுக்குப் பணம் செலுத்துவது தவறன்று. ஆனால் பணம் நிற்கும் நாளில் அவையும் நிற்கும். இணைய முகவரி, பதிவுக் கணக்கு, கடவுச்சொல் யாவும் தொழில் செய்பவரின் பெயரிலேயே இருத்தல் வேண்டும். கூகுள் தனது பதிவோடு இலவசமாகத் தந்த இணையத்தளங்களை 2024 மார்ச் மாதத்தில் மூடியபோது, அதனையே நம்பியிருந்தோரின் பக்கங்கள் மறைந்தன. வாடகை வீட்டையும் சொந்த வீட்டையும் வேறுபடுத்தி அறிய எமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்று தேடலின் விடையை இயந்திரமே தொகுத்து எழுதித் தரும் நிலையும் வந்துவிட்டது. அவ்வியந்திரமும் எங்கோ எழுதப்பட்டிருப்பதையே எடுத்துத் தருகிறது. எழுதப்படாத உழைப்பை அது அறியாது.

பிறர் பெயரிலே ஆயிரம் கூரைகளை வேய்ந்த கைகள் எம்மிடையே உள்ளன. அடுத்த கூரை தம் பெயரிலே அமைய வேண்டுமென்று விரும்புவோர், இவ்வாரமே ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, பதிவைச் செய்து, கடைசியாக முடித்த மூன்று வேலைகளின் வாடிக்கையாளரிடம் கருத்துரை கேட்கட்டும். செலவு ஏதுமில்லை. கூச்சத்தை மட்டும் சற்றுக் களைந்தாற் போதும்.