கெண்டைக்கால் ஏன் வலிக்கிறது?

மைதானத்தைச் சுற்றி ஓடிவிட்டு, "கெண்டைக்கால் ஏன் இப்படி வலிக்குது?" என்று யோசிக்கிறாயா? சபாஷ், குட்டி விஞ்ஞானியே! வலிக்கும்போதும் 'ஏன்' என்று கேட்கிறாயே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

இதழை மேசையில் வைத்துவிட்டு எழுந்து நில். முழங்காலை மடக்காமல் நுனிக்காலில் எம்பு. முழங்காலுக்குப் பின்னால், சற்றுக் கீழே கை வைத்துப் பார். சதை இரண்டு புடைப்பாக இறுகுகிறது அல்லவா? அதன் பெயர் கேஸ்ட்ராக்னீமியஸ். வாயில் நுழையாத பெயர்தான். இரண்டு தரம் சொல்லிப் பார், வந்துவிடும்.

இப்போது நாற்காலியில் உட்கார். விரல்கள் தரையில் இருக்க, குதிகாலை மட்டும் தூக்கு. அதே இடத்தைத் தொட்டுப் பார். முன்பு போல அவ்வளவு இறுக்கம் இல்லை. அப்படியானால் குதிகாலைத் தூக்கியது யார்?

உள்ளே ஒளிந்திருக்கும் சோலியஸ் என்ற தட்டையான தசை! மேல் தசை முழங்காலைத் தாண்டித் தொடை எலும்பில் பிடித்திருக்கிறது. முழங்கால் மடங்கினால் அது தொய்ந்துவிடும். சோலியஸ் முழங்காலுக்குக் கீழேயே தொடங்குகிறது. அதனால் நீ உட்கார்ந்திருந்தாலும் அது வேலை செய்யும். புரிந்ததா? புரியாவிட்டால் இன்னொரு முறை செய்து பார். அவசரமே இல்லை.

இரண்டு தசைகளும் கீழே ஒன்று சேர்ந்து, குதிகால் எலும்பில் போய் முடிகின்றன. அப்படிச் சேரும் தடித்த நாருக்கு அக்கிலிஸ் தசைநாண் என்று பெயர். நம் உடம்பிலேயே வலுவான தசைநாண் இதுதான். உண்டிகோல் ரப்பரை நினைத்துக்கொள். பாதம் ஊன்றும்போது இது இழுபடுகிறது. கால் எழும்பும்போது விடுபட்டு உன்னை முன்னே தள்ளுகிறது. ஓடும்போது உன் எடையைப் போல ஆறு மடங்கு விசைகூட இதன்மேல் வரும். நீ 30 கிலோவா? கணக்குப் போடு. ஆமாம், 180 கிலோ! அதுவும் ஒவ்வொரு அடிக்கும்.

ஓடும் இடத்தையும் விதத்தையும் பொறுத்து இந்தச் சுமை இன்னும் கூடலாம். மேட்டில் ஏறும்போது குதிகால் தாழ்ந்து தசை அதிகம் இழுபடும். மணலில் கால் புதையும். செருப்பில்லாமல் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் பாதத்தின் முன்பக்கத்தை முதலில் ஊன்றுவார்கள். அப்போதும் கெண்டைக்காலுக்குத்தான் வேலை. எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் முழுவதையும் வெறுங்காலிலேயே ஓடித் தங்கம் வென்றார். அவர் கால்கள் அதற்குப் பழகியிருந்தன. நாளைக்கே ஷூவைக் கழற்றிவிட்டு நீயும் ஓடினால் கெண்டைக்கால் தாங்காது, கண்ணா!

மறுநாள் காலையில் படி இறங்கும்போது வலிக்கிறதே, அது ஏன்? "லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது" என்று பலரும் சொல்வார்கள். ஆனால் அது ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெரும்பாலும் வடிந்துவிடும். பழகாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் மிக நுண்ணிய காயங்கள்தான் மறுநாள் வலிக்குக் காரணம். சில நாளில் உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும்.

ஓடும்போதே சதை பிடித்துக்கொண்டால் நின்றுவிடு. உட்கார்ந்து காலை நீட்டி, கால்விரல்களை உன் பக்கமாக மெல்ல இழுத்துப் பிடி. பிடிப்பு விட்டதும் தண்ணீர் குடி. அன்றைக்கு ஓட்டம் போதும்.

லீவு முடிந்து வந்த முதல் நாளே பந்தயம் வைத்துக்கொள்ளாதே. எனக்குக் கவலை தருவது இதுதான். முதலில் ஐந்து நிமிடம் நட, பிறகு மெதுவாக ஓடு. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு. ஓடி முடித்ததும் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலைத் தரையில் அழுத்து. முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, லேசாக மடக்கி ஒரு முறை. ஏன் இரண்டு முறை? நாற்காலியில் உட்கார்ந்து செய்தாயே, அந்தச் சோதனையை நினைத்துப் பார். விடை உனக்கே தெரியும்!

ஆனால் 'டக்' என்று ஏதோ அறுந்த மாதிரி இருந்தாலோ, வீங்கினாலோ, சிவந்து சுட்டாலோ, மறுநாளும் நொண்டினாலோ பொறுத்துக்கொள்ளாதே. எட்டு முதல் பதினான்கு வயது வரை குதிகால் எலும்பு வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த வளரும் இடமும் ஓட்டத்தால் வலிக்கலாம். அது எந்த வலி என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் பி.டி. சாரிடமும் அம்மா அப்பாவிடமும் அன்றைக்கே சொல்லிவிடு.